மாப்பிள்ளை உட்கார்ந்த வீடுகள்

அப்பாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, ஒரு வாஷிங் மெஷினின் ஆட்டத்தை நிறுத்தியது.

மெஷின் அப்பாவுடையது. துணி பிழியும் கட்டம் வந்துவிட்டால் போதும், யாரோ துரத்துவது போலக் குளியலறையை விட்டு வெளியே வரப் பார்க்கும். வாசற்படி தடுத்திராவிட்டால் மாடியிறங்கித் தெருவுக்கே போயிருக்கும். ஊரில் உள்ள மெஷின்களுக்கெல்லாம் கால் சரிசெய்து கொடுத்தவர் வீட்டில் இந்தக் கூத்து.

"எவ்வளவு நாளா இப்படி ஆடுது?"

"ஆடட்டுமே பாப்பா. வீட்டுல ஏதோ ஒண்ணு நடமாடுற மாதிரி இருக்கு."

மகள் கைபேசியை மெஷினின் தலையில் வைத்து மட்டம் பார்த்தாள். அவளுடைய வேலையே அளவுகளைச் சரிபார்ப்பது. தொலைவில் வேறொரு ஊரில், எடைக்கற்களும் அழுத்தமானிகளும் வந்து குவியும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பொறியாளர். அப்பா ஒரு டம்ளரில் தண்ணீரை விளிம்புவரை ஊற்றிப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின: பின்பக்க இடது கால்.

"சண்டை போட ஒண்ணும் இல்லாமப் போச்சே" என்றார் அப்பா.

அவர் மெஷினைத் தோளால் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். மகள் ஈரத் தரையில் படுத்து, ஸ்பானரால் காலைத் திருகினாள். அந்த நிலையில்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"பாப்பா, இந்த ஓவர்-டெலிவர்னா என்ன?"

"முதல்ல மெஷினை ஒழுங்காப் பிடிங்கப்பா. என் தலை கீழ இருக்கு."

"பிடிச்சுக்கிட்டுத்தான் கேக்கிறேன். எங்க கிடங்குல பெரிசா எழுதி ஒட்டியிருக்கான். என் மூஞ்சியை வேற போட்டிருக்கான். என்னன்னு தெரியாமலே கட்டை விரலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன்."

"சொன்னதை விட அதிகமாக் கொடுக்கிறது."

"அப்ப ஒரு ஃப்ரிட்ஜ் கேட்டவனுக்கு ரெண்டு இறக்கணும்."

"அப்படி இல்லப்பா. எதிர்பார்த்ததை விட நல்லாச் செய்யறது. நாளைக்கு வரும்னு சொல்லி இன்னைக்கே கொண்டு போறது. வாசல்லயே வெச்சுட்டுப் போவான்னு நினைச்சிருக்கிறவங்களுக்கு உள்ள கொண்டு போய், பிரிச்சு, மாட்டிக் கொடுக்கிறது."

"அதுவா? அதுக்கு முன்னாடியெல்லாம் மெமோ கொடுத்தாங்களே."

மெஷின் இறங்கியது. மகள் கை கழுவிக்கொண்டு, கைபேசியில் அகராதியைத் திறந்தாள். அப்பா கேட்டால் பாதியோடு விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"டெலிவர்ங்கிறது பழைய சொல்லுப்பா. லத்தீன்ல விடுவிக்கிறதுன்னு ஒரு சொல் இருந்திருக்கு. அது பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து இங்கிலீஷுக்கு வந்திருக்கு. முதல்ல சிறையில கிடக்கிறவனை விடுவிக்கிறதுக்கும், ஆபத்துல இருந்து மீட்கிறதுக்கும்தான் சொல்லியிருக்காங்க. பிரசவத்துக்கும் அதே சொல்தான். அப்புறம், கையில இருக்கிற சாமானை இன்னொருத்தர் கைக்கு விடறதுக்கும் வந்திருக்கு."

"நீ பொறந்தன்னைக்கு நர்ஸம்மா ஓடி வந்து, உங்க வீட்டுல டெலிவரின்னு சொன்னாங்க. நான் பழக்கதோஷத்துல எத்தனாவது மாடின்னு கேட்டுட்டேன். உங்கம்மா சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா."

"தெரியும்ப்பா. என் கல்யாணப் பேச்சு வர்றப்பெல்லாம் அதைத்தான் முதல்ல சொல்லுவாங்க."

"சரி, இந்த ஓவர் எப்ப வந்து ஒட்டிக்கிச்சு?"

"அது நேத்து வந்தது. வியாபாரம் பண்றவங்க ஒட்டினது. அதுக்கு ஒரு ஜோடி கூட இருக்கு. குறைச்சுச் சொல்லு, கூட்டிக் கொடு."

அப்பா டம்ளரில் இருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"விடுவிக்கிறதுன்னா விட்டுடறதுதானே? விட்டதுக்கு அப்புறம், அதுக்கும் மேல எப்படி விடறது?"

மகளுக்குத் தன் பரிசோதனைக் கூடம் நினைவுக்கு வந்தது. அவளுடைய கூடத்தில் ஒரு கல் சொன்ன எடைக்குக் குறைந்தாலும் பிழை, கூடினாலும் பிழை. கூடியதற்காக யாரும் கைதட்டியதில்லை. அதைச் சொன்னாள். அப்பா சிரித்துவிட்டுத் தேநீர் போடப் போனார். தேநீரை நின்றுகொண்டே குடித்தார். அந்த வீட்டில் அவர் எப்போதும் நின்றுகொண்டுதான் குடிப்பார், நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் துவைத்த துணி இருக்கும். மற்றதில் துவைக்க வேண்டிய துணி.

மகள் மாலைப் பேருந்தில் ஊர் திரும்பினாள். அதன் பிறகு அவரை உயிரோடு பார்க்கவில்லை.

அவர் ஒரு வீட்டு உபயோகச் சாமான் கடையின் கிடங்கில் சுமை ஆளாக இருந்தவர். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், அலமாரி. வண்டியில் ஏற்றுவார், மாடிப்படியில் ஏற்றுவார், வாசலில் இறக்குவார். இளம் வயதில் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தவர். கடைசி வருஷங்களில் கிடங்கில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாப்பிள்ளை என்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவர் யாருக்கோ மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு முதலாளிக்குப் பயப்படுவது போல அவருக்குப் பயப்படுவார்கள்.

பெயர் வைத்தது நெட்டை. அப்பாவோடு சாமானின் மறுமுனையைப் பிடிப்பவர். நாற்பது தாண்டியவர், உயரத்தால் பெயர் பெற்றவர். ஆறடிக்கு மேல் இருந்ததால் படியில் எப்போதும் கீழ்முனை அவருக்குத்தான். "போற வீட்டுலயெல்லாம் மாப்பிள்ளை மாதிரி உக்காந்துடறாரு. எழுப்பிக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள எனக்கு வயசாகிடுது" என்று ஒரு நாள் டிரைவரிடம் புலம்பினார். மறுநாள் கிடங்கு முழுக்க அதுவே பெயர்.

கிடங்கின் சட்டம் சுருக்கமானது. வாசலில் வை, கையெழுத்து வாங்கு, திரும்பு. அப்பாவின் முறை வேறு. உள்ளே கொண்டு போவார். அட்டையைப் பிரிப்பார். தெர்மோகோலை ஒரு துண்டு விடாமல் பொறுக்குவார். குழாயை மாட்டுவார், மட்டம் பார்ப்பார், காலி மெஷினை ஒருமுறை ஓட்டிக் காட்டுவார். ஓடி முடியும் வரை உட்காருவார். அது ஓடி முடிவதற்குள் அந்த வீட்டுப் பிள்ளை என்ன படிக்கிறது, பெரியவருக்கு எந்தக் காலில் வலி, எதிர்வீட்டோடு எதற்குப் பேச்சில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். கீழே வண்டியில் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் போல் துடித்துக்கொண்டிருப்பார்.

தாமதத்துக்காக மெமோ வாங்கினார். ஒரு வீட்டம்மா புகாரே கொடுத்தார்: 'மெஷின் நன்றாக இருக்கிறது. கொண்டு வந்தவர்தான் போகமாட்டேன் என்கிறார்.'

பிறகு கடைக்குப் புது நிர்வாகம் வந்தது. வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு எப்படி இருந்தது என்று கேட்கத் தொடங்கினார்கள். பாதிப் பேர் மெஷினைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த தடவையும் அந்தப் பெரியவரையே அனுப்புங்கள் என்றார்கள். பயிற்சி கொடுக்க ஆட்கள் வந்தார்கள், அப்பாவைப் படம் எடுத்தார்கள், அந்த ஆங்கிலச் சொல்லைச் சுவரில் ஏற்றினார்கள். மெமோ கொடுத்த அதே காரியத்துக்கு மாலை.

இதெல்லாம் மகளுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். தொலைபேசியில் அப்பா பேசுவது மூன்று வாக்கியம். சாப்பிட்டியா. வேலை எப்படி. சரி, வெச்சுடட்டுமா. ஊரெல்லாம் உட்கார்ந்து பேசுகிறவர் என்று யாராவது சொன்னால் ஆள் மாறிச் சொல்கிறார்கள் என்றே அவள் நினைத்திருப்பாள். அம்மா இருந்தவரை வீட்டில் பேச்செல்லாம் அம்மாவுடையது. அப்பா தலையாட்டும் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டார்.

ஒரு காலையில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தும் அவர் இறங்கி வரவில்லை. நெட்டை மேலே போய்க் கதவைத் தட்டினார். பிறகு தோளால் தள்ளினார். படுத்தபடியே போயிருந்தார். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றார் டாக்டர்.

காரியங்கள் முடிந்த பிறகு மகள் வீட்டைக் காலி செய்ய அங்கேயே தங்கினாள். அலுவலகத்தில் விடுப்பு கொடுத்தார்கள். துணிகளைப் பிரித்தாள், பாத்திரங்களைக் கட்டினாள். நாற்காலிகள் இரண்டையும் காலி செய்த பிறகும் அவற்றில் உட்காரத் தோன்றவில்லை. ஒருநாள் துணி துவைத்தாள். மெஷின் அசையாமல் ஓடி முடித்தது. அன்று வீட்டில் வேறு எதுவும் அசையவில்லை.

கிடங்கின் மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். மகளை விட வயதில் சிறியவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னவர், முதலில் கொஞ்சம் அழுதார். பொய்யான அழுகை இல்லை.

"நீங்க ஒண்ணைக் கேட்கணும்னு வெச்சிருந்தேன் மேடம்" என்று கணினியில் ஒரு ஒலிப்பதிவை ஓட்டினார். வாடிக்கையாளர்களின் குரல்கள். ஒரு பெண்: மெஷினை மாட்டிட்டு எங்க மாமியார்கிட்ட அரைமணி பேசினார், அவங்க சிரிச்சு நாங்க பார்த்து ரொம்ப நாளாச்சு. ஒரு ஆண்: அவர் பொண்ணு ஏதோ எடைக்கல்லையே எடை போடற வேலையில இருக்காமே, அதைச் சொல்றப்ப அவர் முகத்தைப் பார்க்கணும் சார். இன்னொரு கிழக்குரல்: அந்தப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?

மகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வருஷா வருஷம் ஒரு விருது கொடுக்கப் போறோம்" என்றார் மேலாளர். "எல்லாக் கிளையிலயும். அப்பா பேருல. ஓவர்-டெலிவர் விருது. வாசல்ல ஒரு பலகை. 'சொன்னதற்கும் மேலே கொடுத்தவர்'னு போட்டு, கீழ பேர். நீங்க சரின்னு சொல்லணும். விழாவுல வந்து நாலு வார்த்தை பேசணும். அவ்வளவுதான்."

"யோசிச்சுச் சொல்றேன்."

"கண்டிப்பா மேடம். நானே கூப்பிடறேன். பலகை செய்யறவருக்குச் சொல்லணும், அதான்."

யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் அவளுக்கும் தோன்றியது. காலமெல்லாம் மற்றவர்கள் வாசலில் நின்ற மனிதர். அவர் பெயர் ஒரு வாசலில் நிற்கட்டுமே. தவிர, இனி அவரைப் பற்றி ஊரில் மிஞ்சப்போவது அந்தப் பலகையில் எழுதுவது மட்டும்தான். வீட்டுக்கு வந்து, விழாவில் பேச வேண்டிய நாலு வார்த்தையைத் தேடினாள். சொன்னதற்கும் மேலே கொடுத்தவர். வாக்கியத்தில் பிழை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அது எங்கோ ஆடியது. எந்தக் கால் என்று பிடிபடவில்லை.

மறுநாள் அப்பாவின் சீருடைகளையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுக்கப் போனாள். உள்ளே நுழையும் இடத்தில் அப்பா ஆளுயரப் படமாக நின்றார், கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு. கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது நெட்டை வண்டியின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"ஏறுங்கம்மா, அந்தப் பக்கம்தான் போறோம். டிரைவர் அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டார்."

"சொன்னா மட்டும் கேட்டுடப் போறியா?" என்றார் டிரைவர்.

மூன்று பேரும் முன்னிருக்கையில் ஒண்டிக்கொண்டார்கள். பின்னால் ஒரு அலமாரி கயிற்றில் கட்டுண்டு முனகிக்கொண்டு வந்தது. மகள் விருது விஷயத்தைச் சொன்னாள். நெட்டையின் முழங்கால் கியர் கம்பியில் இடித்துக்கொண்டே இருந்தது.

"என்னங்க, நல்லது இல்லையா?"

"நல்லதுதாம்மா. யாரு வேணாம்னாங்க? பேரு வெக்கட்டும். ஆனா அந்தச் சொல்லு வந்ததுக்கு அப்புறம் அவரு உக்காரவே இல்லம்மா."

"அப்படின்னா?"

"முன்னாடி அவரா செஞ்சாரு. இப்ப அதையே சட்டமாக்கிட்டாங்க. மட்டம் பார்த்தாச்சா, ஃபோட்டோ எடு. குப்பையை எடுத்தாச்சா, ஃபோட்டோ எடு. வீட்டுக்காரங்ககிட்ட அஞ்சு நட்சத்திரம் கேளு. எல்லாத்துக்கும் ஃபோன்ல கடிகாரம் ஓடும். நேரம் தாண்டினா சிவப்பாயிடும். இவரு அஞ்சு ஃபோட்டோவையும் எடுத்துட்டு, வேகமா வெளிய வந்துடுவாரு. தண்ணி கொடுத்தாக்கூட வேணாம்மா, நேரமாச்சும்பாரு. நானே சொல்லிப் பார்த்தேன். ரெண்டு நிமிஷம் உக்காருங்க மாப்பிள்ளை, சிவப்பானா ஆகட்டும்னு. அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? உக்கார்றதுக்கும் மார்க் போடுவாங்கடா, வேணாம்னாரு."

டிரைவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் ஹாரன் அடிக்கிற வேலையே இல்லாமப் போச்சு."

"அவர் முதல்ல இருந்தே இப்படிப் பேசுவாரா?" என்று மகள் கேட்டாள். "வீட்டுல பேசமாட்டார்."

"எங்க பேசினாரு? நான் வந்து சேர்ந்த புதுசுல ஊமைன்னே நினைச்சேன். கையெழுத்து வாங்கினா இறங்கிடுவாரு. எங்களை விட வேகம். வீட்டுக்குப் போகணும், அக்கா, அதான் உங்கம்மா, காத்திருப்பாங்கன்னு பறப்பாரு. அக்கா போனதுக்கு அப்புறம்தான் உக்கார ஆரம்பிச்சாரு. பேச ஆரம்பிச்சதும் அப்பத்தான்." நெட்டை கையை விரித்தார். "அவரு கூடுதலாக் கொடுத்தாருன்னு எல்லாரும் சொல்றாங்க. கொடுக்கவா போனாரு?"

வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது. அலமாரி பெரிதாக முனகியது. எந்தக் கால் ஆடுகிறது என்று மகளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. ஆடியது 'கொடுத்தவர்' என்ற சொல்.

இறங்கும்போது நெட்டை தயங்கினார். "ஒரு வீடு மட்டும் பாக்கி இருக்கும்மா. கம்பெனிக்குத் தெரியாது. ரயில்வேல கார்டா இருந்து ரிட்டயர் ஆனவரு, தனியா இருக்காரு. அவரு ஃப்ரிட்ஜுல ஏதோ வேலை முடியலைன்னு மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போவாரு. சீருடை போடாம, சொந்தச் சட்டையில. கார்டுக்கு விஷயம் தெரியுமோ என்னவோ. நான் போகலாம்னா, என்னன்னு போய்ச் சொல்றதுன்னு தெரியலை."

ஞாயிற்றுக்கிழமை மகள் போனாள். அப்பாவின் ஸ்குரூ டிரைவர்களை ஒரு பையில் எடுத்துக்கொண்டாள். பாதியில் நின்ற வேலை என்றால் முடித்துக் கொடுத்துவிட்டு வரலாம் என்பதுதான் எண்ணம்.

மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்தவர் உள்ளங்கையால் கண்ணுக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு பார்த்தார். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியும் விளக்குமாகக் காலத்தை ஓட்டியவர். யாரையும் தொலைவிலேயே வைத்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

"நான் அவரோட பொண்ணு. ஃப்ரிட்ஜ் வேலைக்கு வருவாரே."

"எடைக்கல்லா?" என்றார் கார்டு. "வாம்மா, வா. எங்க அவரு? ரெண்டு மூணு வாரமா ஆளைக் காணோம். கோவிச்சுக்கிட்டாரோன்னு பார்த்தேன். போன தடவை சீட்டாட்டத்துல நான் கொஞ்சம் வாயை விட்டுட்டேன்."

அவள் சொன்னாள். நின்றபடியே, இரண்டு வாக்கியத்தில். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

கார்டு மெதுவாகத் திரும்பிப் போய் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே இன்னொரு நாற்காலி இருந்தது. அதன் மெத்தை நடுவில் குழிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே முக்காலியில் சீட்டுக்கட்டு, ஆட்டம் பாதியில் நின்றபடி.

"கோவம்னு நினைச்சேன்" என்றார் மறுபடி. "கோவமா இருந்திருக்கக் கூடாதா?"

மகள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். "ஃப்ரிட்ஜுல என்ன வேலைங்க?"

சமையலறை அகலமே ஒரு ஆள் நிற்கும் அளவுதான். ஃப்ரிட்ஜ் மூலையில் சுவரை ஒட்டி நின்றது. கதவு சுவர்ப்பக்கமாகத் திறந்தது. முழுதாகத் திறக்க வழியில்லை. கைப்பிடியை மறுபக்கத்துக்கு மாற்றி, கீலை இடம் மாற்றினால் வேலை முடிந்தது. அரைமணிக் காரியம்.

"மாத்தலாம், ஆனா அந்தப் பக்கத்துக்கு வேற கீல் வேணும்னாரு உங்கப்பா. கிடங்குல தேடிக் கொண்டு வர்றேன்னாரு. ஒவ்வொரு வாரமும் வந்து, கிடைக்கலை, அடுத்த வாரம் பார்க்கிறேன்னு சொல்லிட்டு உக்காருவாரு. ஒரு நாள் கதவைக் கழட்டி, மறுபடி அதே பக்கமே மாட்டினாரு. நான் டார்ச் பிடிச்சேன்."

மகள் ஃப்ரிட்ஜை மெல்லத் தன் பக்கம் இழுத்துப் பின்னால் எட்டிப் பார்த்தாள். இந்த வகை ஃப்ரிட்ஜில் அந்த இடது கீலைத் தயாரிப்பாளரே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முதுகில் ஒட்டி அனுப்புவார்கள். தூசி படிந்து, அங்கேயே இருந்தது. பிரிக்கவில்லை. அப்பா காலமெல்லாம் இறக்கியது இந்தச் சாமான்களைத்தான். அவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

பையைப் பிரித்துக் கீலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கார்டு நிலைப்படியில் சாய்ந்தபடி பார்த்தார்.

"அது அங்க இருக்குன்னு எனக்கும் தெரியும்மா" என்றார். "வந்த ரெண்டாவது வாரமே பார்த்துட்டேன். சொல்லலை. சொன்னா மாட்டிட்டுப் போயிடுவாரே."

அப்போது கைபேசி அடித்தது. மேலாளர்.

"மேடம், பலகைக்காரர் கேக்கிறார். சரின்னு சொல்லிடலாமா?"

"அந்தப் பலகை வேண்டாங்க."

"ஏன் மேடம்? வாக்கியம் பிடிக்கலையா? மாத்திக்கலாம்."

"அப்பா பேரை அந்தச் சொல்லோட சேர்க்க வேண்டாம். அவரைப் பத்தி அது சரியில்லை. ஒரு வீட்டுல அவர் வேலையை முடிக்கவே இல்லை."

மறுமுனையில் ஒரு சிறு ஆறுதல் தெரிந்தது. பெரிதாக ஏதோ என்று பயந்திருப்பார் போல. "அவ்வளவுதானா? அதுக்குப் போய் நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க மேடம். அந்த வீட்டு விலாசத்தைச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில ரெண்டு பேரை அனுப்பி முடிச்சுடறோம். அப்பா பாக்கி வெச்சதா இருக்கவே இருக்காது."

மகள் கார்டைப் பார்த்தாள். அவருக்கு இருபக்கப் பேச்சும் கேட்டிருக்க வேண்டும். கையை உயர்த்தி, வண்டியை நிறுத்தச் சொல்வது போலக் குறுக்கே ஆட்டினார்.

"யாரையும் அனுப்பாதீங்க" என்றாள் மகள். "விலாசம் தரமாட்டேன். படத்தையும் முடிஞ்சா எடுத்துடுங்க. அப்பா அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னே தெரியாமத்தான் அதுல நின்னாராம். தெரிஞ்சப்ப அவருக்கு அது புரியலை." கீலை மடக்கிப் பிடித்தாள். "கோவிச்சுக்காதீங்க. நீங்க அழுதது எனக்குத் தெரியும்."

வைத்துவிட்டாள்.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கார்டு உள்ளே வந்து, அவளைத் தாண்ட இடமில்லாமல் ஒருக்களித்து நின்றார்.

"தேநீர் போடறேன், இரு. பால் எடுக்கணும்."

மகளின் ஒரு கையில் ஸ்குரூ டிரைவர், மறு கையில் கீல். அரைமணிக் காரியம். முடித்தால் இந்த மனிதர் இனிப் பால் எடுக்கச் சிரமப்பட வேண்டாம். அவள் பரிசோதனைக் கூடத்தில் இப்படி ஒரு வேலையை மேசையில் விட்டுவிட்டு எழுந்ததில்லை. கார்டு அவள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் கீலை மறுபடி அந்தப் பிளாஸ்டிக் பையில் போட்டாள். பையை ஃப்ரிட்ஜின் முதுகில் இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினாள். பழைய டேப்பில் பசை போயிருந்தது, நிற்கவில்லை. கார்டு மேசை இழுப்பறையிலிருந்து புது டேப்பை எடுத்துக் கொடுத்தார். பல்லால் கடித்து வெட்டி ஒட்டினாள். ஃப்ரிட்ஜைச் சுவரோடு தள்ளி வைத்தாள்.

கார்டு கைப்பிடியை இழுத்தார். கதவு சுவரில் போய் முட்டி நின்றது. கிடைத்த சந்தில் கையை நுழைத்துப் பாலைத் தேடினார்.